ஆணி அடிக்காத பலகை

வக்கீல் இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்த அன்று கத்திரிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வக்கீல் என்கிற அந்த நாய் மேல் இல்லை. அது என்ன செய்யும் பாவம். வளர்க்கக் கூட்டிக்கொண்டு போய் மூன்றே வாரத்தில், புதுச் செருப்பு காலைக் கடிக்கிறது என்று கடையில் வீசிவிட்டுப் போவது மாதிரி நாய்க் காப்பக வாசலில் இறக்கிவிட்டார்களே, அந்த வீட்டார் மேல்தான். சண்டை போடுவதற்கு இடுப்பில் கைகூட வைத்துவிட்டாள். ஆனால் வந்திருந்த பெரியவரின் வலது கையில் கட்டுப் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டாள்.

"தூங்கிட்டு இருந்தான்மா. குளிருமேன்னு பின்னாடியிருந்து துணியைப் போர்த்தப் போனேன். சட்டுன்னு திரும்பிக் கவ்விட்டான்" என்றார் அவர். ஒரு வார்த்தை திட்டவில்லை. "நல்ல பையன்தான். ஆனா வீட்ல பயப்படறாங்க."

திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு இரண்டு கொடுத்திருப்பாள். மனுஷன் நாயின் தலையைத் தடவிவிட்டுக் கண் கலங்கப் போனதுதான் தாங்க முடியவில்லை.

கத்திரி என்பது அவளுடைய பெயரல்ல. பெண்களுக்கு முடி வெட்டிவிடும் சின்னக் கடை ஒன்று வைத்திருந்தாள். கடை மூடும் நாட்களிலும், மற்ற நாட்களில் மதியத்துக்கு மேலும், ஊர்க்கோடியில் இருந்த பழைய ஐஸ் ஃபாக்டரிக்கு வந்துவிடுவாள். அங்கே அவளுக்கு வேறு வாடிக்கையாளர்கள். சிக்குப் பிடித்து, உண்ணி மொய்த்து, இது தலையா வாலா என்று தெரியாமல் வந்து சேரும் தெருநாய்கள். அவற்றுக்குப் பொறுமையாக முடி வெட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் நாயை வெளியே எடுப்பது அவள் வேலை. ஏழு வருடமாகச் செய்கிறாள். இன்றைக்கும் சிக்கு மூட்டை கழன்று விழுந்து, அடியிலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கும்போது அவளுக்கு மூச்சு ஒரு கணம் நின்றுதான் வரும்.

ஐஸ் ஃபாக்டரியில் இப்போது ஐஸ் இல்லை. முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர்கள், இரண்டு பேர் சேர்ந்து தள்ள வேண்டிய கதவுகள், உள்ளே நாற்பத்திரண்டு நாய்கள். நோய் பார்ப்பவர் டாக்டரம்மா. தெருவிலிருந்து நாயைப் பிடித்து வருபவர் வேன்காரர். முடி வெட்டி, ஒவ்வொரு நாய்க்கும் ஒரு அட்டை எழுதி, அதற்கு வீடு தேடுகிறவள் கத்திரி. மூவருமாகச் சேர்ந்து முந்நூறு நாய்களுக்கு மேல் கரையேற்றியிருந்தார்கள். "நான் வெறும் டிரைவர் இல்ல, தரகர்" என்று வேன்காரர் மீசையைத் தடவிக்கொள்வார்.

அட்டையில் வயது, பல், தோல், குணம், காது என்று வரிசையாக எழுத வேண்டும். காதைச் சோதிக்க அவர்களிடம் ஒரு வழி இருந்தது. சாயங்காலம் சாப்பாட்டு நேரத்தில் வேன்காரர் தகர வாளியைக் கரண்டியால் நாலு தட்டுத் தட்டுவார். முற்றத்தில் கிடக்கிற நாய்கள் எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வரும். ஓடி வந்த நாய்க்குக் காது நன்று. அவ்வளவுதான். நாற்பது நாயை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காதில் ஊதிப் பார்க்க யாருக்கு நேரம்? வக்கீலும் ஓடி வந்தான். 'காது நன்று' என்று கத்திரிதான் தன் கையால் எழுதினாள்.

அவனுக்கு வக்கீல் என்று பெயர் வந்ததே ஒரு கதை. நான்கு சாலைகள் கூடும் இடத்தில் நாலு வருடம் வாழ்ந்தவன் அவன். மற்ற நாய்கள் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாயும். இவன் பாய மாட்டான். ஓரமாக நிற்பான். சாலையைக் கடக்க நாலு மனிதர்கள் சேர வேண்டும், அவர்கள் கால் எடுத்து வைக்க வேண்டும், உடனே அந்தக் கால்களுக்கு நடுவே புகுந்துகொண்டு அக்கரைக்குப் போய்விடுவான். தனியாக ஒரு தடவைகூடக் கடந்ததில்லை. ஒரு வாரம் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்த வேன்காரர் மலைத்துப்போனார்.

"சட்டம் படிச்ச நாய்ங்க இது. விதியை மீறவே மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டுதான் அவனை இறக்கினார். அப்போது விலா எலும்பை எண்ணலாம். முதுகில் பாதிக்கு மயிரே இல்லை. நாலு மாதம் மருந்து தடவி, குளிப்பாட்டி, ஊட்டி வளர்த்ததில் மண்நிறத்தில் பளபளவென்று ஆளே மாறிப்போனான். ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளை. குரைப்பதுகூட அளவோடுதான். எல்லா நாயும் குரைத்து ஓய்ந்த பிறகு, கடமைக்கு இரண்டு குரைப்பான்.

முதலில் கூட்டிப்போன வீட்டில் இரண்டு பிள்ளைகள். கேட் திறந்து கிடந்த ஒரு நாள் வெளியே நடந்துவிட்டான். தெருவே அதிரக் கூப்பிட்டிருக்கிறார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரொம்பத் திமிருங்க இதுக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வீடுதான் இந்தக் கைக்கட்டுப் பெரியவர்.

டாக்டரம்மா அட்டையைக் கையில் எடுத்து, சுவரைப் பார்த்தார். பேச என்ன இருக்கிறது? விதி சுவரிலேயே எழுதியிருந்தது. இரண்டு தடவை திரும்பி வந்து, அதில் ஒரு தடவை பல்லும் பட்டிருந்தால், மூன்றாவது வீடு கிடையாது. முன்பு ஒரு நாயை மூன்றாவது வீட்டுக்கு அனுப்பி, அந்த வீட்டுப் பெண்ணின் கன்னத்தில் ஆறு தையல் போட்ட பிறகு மூவரும் பேசி முடிவு செய்த விதி. சுவரில் எழுதியவளும் கத்திரிதான். பாழாய்ப்போன கை, எல்லாவற்றையும் எழுதியது அதுதானே!

அப்படிப்பட்ட நாய்களுக்குப் பின்பக்கம் ஒரு தனி அறை உண்டு. முன்பு எஞ்சின் ஓடிய அறை. மேலே கையகலத்துக்கு ஒரு திறப்பு, கீழே தட்டு தள்ளுவதற்கு ஒரு சந்து. கடைசியாக அங்கே இருந்த கிழட்டு நாய் இரண்டு வருடம் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்து போய்ச் சேர்ந்தது. வக்கீலுக்கு வயது ஐந்துகூட ஆகவில்லை. இன்னும் பத்து வருடம் இருப்பான்.

"வக்கீலுக்கே ஆயுள் தண்டனையா?" என்றார் வேன்காரர். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அந்த அறையின் கதவுக் கீல் துருப்பிடித்து விழுந்திருந்தது. வெல்டர் வியாழக்கிழமைதான் வருவார். குப்பைமேட்டிலிருந்து முதல் நாள்தான் ஒன்பது நாய்கள் வந்திருந்ததால் மற்ற கூண்டுகளில் இடமில்லை.

"வியாழன் வரைக்கும் என் வீட்ல இருக்கட்டும்" என்றாள் கத்திரி. சொன்ன பிறகுதான் நாத்தனார் ஞாபகம் வந்தது.

"உங்க நாத்தனார் ஒத்துக்குவாங்களா?" என்றார் டாக்டரம்மா.

"நாய் எப்படியும் பொழச்சுக்கும் டாக்டர். என் பாடுதான்."

கத்திரியின் கணவன் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் எட்டு மாதம் கடலில்தான். வீட்டில் இருப்பது அவளும் கணவனின் அக்காவும். அண்ணி என்று கூப்பிடுவாள். அந்த அண்ணி முப்பது வருடம் ஆணி செய்யும் ஃபாக்டரியில் மேற்பார்வை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். தெருவில் அவளுக்கு ஆணி என்றே பெயர். ஃபாக்டரியினால் மட்டும் வந்த பெயரில்லை அது. அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் அப்படியே இறங்கும்.

அவளோடு பதினோரு வருடம் குப்பை கொட்டிய கத்திரியைக் கேட்டால் ஒரு புத்தகமே சொல்வாள். அடுக்களையிலிருந்து ஆயிரம் தடவை கூப்பிட்டாலும் அண்ணி பதில் சொல்ல மாட்டாள். பக்கத்தில் போய்ப் பேசினால், "முகத்தைப் பாத்துப் பேசு. முதுகுக்குப் பின்னாடி பேசறவங்களை எனக்குப் பிடிக்காது" என்று வெடிப்பாள். போனைத் தொட மாட்டாள். "முகம் தெரியாம பேசறவன் எல்லாம் பொய் பேசறவன்." நாலு பேர் சேர்ந்து சிரித்தால், எல்லோரும் சிரித்த பிறகு அரை நொடி கழித்து, போனால் போகிறது என்று சிரிப்பாள். எந்நேரமும் வாசலைப் பார்த்துப் போட்ட ஒரே நாற்காலியில், மகாராணி மாதிரி. திமிர் என்றால் திமிர், அப்படியொரு திமிர் என்று கத்திரி கணவனிடம் போனில் புலம்பாத வாரமில்லை.

அந்த வீடு ஒரு மரக்கடையின் மாடியில் இருந்தது. தரை முழுக்கப் பலகை. வாசல்படியை ஒட்டிய நீளப் பலகை ஒன்று கழன்றுபோய், மிதித்தால் அண்ணியின் நாற்காலிக்கால் வரைக்கும் ஆடும். தச்சனைக் கூப்பிட்டு இரண்டு ஆணி அடிக்கலாம் என்று கத்திரி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். "யாராவது அதுல கையை வெச்சீங்க, தெரியும் சேதி" என்பாள் அண்ணி. ஊருக்கெல்லாம் ஆணி செய்து அனுப்பியவள், சொந்த வீட்டுப் பலகைக்கு ஒரு ஆணி அடிக்க விட மாட்டாள். இதை எங்கே போய்ச் சொல்ல?

அன்றைக்கும் கத்திரி அந்தப் பலகையை மிதித்துத்தான் உள்ளே நுழைந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தாள்.

"என்ன இது?"

"நாய், அண்ணி."

"எனக்குக் கண்ணு இருக்கு. இங்க எதுக்குன்னு கேக்கறேன்."

"நாலே நாள். வியாழக்கிழமை கொண்டுபோய் விட்டுடுவேன்."

"கடிக்குமா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தாள். அண்ணியின் கண் அவள் வாயிலேயே நிலைகுத்தி நின்றது. அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் எடுபடாது. "ஒரு தடவை கடிச்சிருக்கான். தூங்கும்போது பின்னாடியிருந்து வந்து தொட்டவரை."

அண்ணி மடித்த துணியை அப்படியே மடியில் வைத்தாள். "நானா இருந்தாலும் கடிச்சிருப்பேன்" என்றாள்.

வக்கீல் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு அறையும் வாசலும் ஒருசேரக் கண்ணில் படும் மூலையாகப் பார்த்து, சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தான். நேர் எதிரே அண்ணியின் நாற்காலி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"என்ன அண்ணி, ரெண்டு பேரும் இப்படி முறைச்சுக்கிட்டு?" என்று முன்னால் வந்து நின்று கேட்டாள் கத்திரி.

"அவன் முறைக்கல. பாக்கறான்" என்றாள் அண்ணி.

இரண்டாம் நாள் காலையில் கத்திரி அடுக்களையில் இருந்தபோது அறையில் டமாரென்று ஒரு சத்தம். கையிலிருந்த கிண்ணம் நழுவி, உலை பொங்கி, அவள் ஓடி வந்து பார்த்தால், ஜன்னல் ஓரம் படுத்திருந்த நாயின் முதுகுக்குப் பின்னால் அண்ணி நிற்கிறாள். ஒரு கையில் எவர்சில்வர் தட்டு, ஒரு கையில் கரண்டி. மறுபடியும் ஓங்கி ஒரு அடி. கத்திரிக்குக் காது ரீங்கரித்தது. வக்கீல் அசையவில்லை.

"அண்ணி! வாயில்லா ஜீவனை ஏன் இப்படிப் பயமுறுத்தறீங்க? உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?"

கதவுக்கு முதுகைக் காட்டி நின்ற அண்ணியும் திரும்பவில்லை, நாயும் திரும்பவில்லை. கல்லுக்குக் கல் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு கத்திரி அடுப்பைத் துடைக்கப் போனாள். சொல்லக் கூசுகிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். கண்முன்னால் நடந்ததை அவள் அன்று பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு அண்ணி தட்டைத் தொடவில்லை. கத்திரி கடைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு மாற்றம் தெரிந்தது. நாயின் சாக்கு மூலையிலிருந்து அந்த ஆடும் பலகைக்கு நகர்ந்திருந்தது. ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்த நிலைக்கண்ணாடி, வாசல் தெரிகிற மாதிரி திரும்பியிருந்தது. புதன்கிழமை வந்து பார்த்தபோது வக்கீல் அண்ணியின் பாதத்தின் மேல் மோவாயை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணி காலை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள். மரத்துப்போயிருக்கும் என்று கத்திரிக்குத் தெரியும். நாளைக்கு வியாழன் என்பதும் தெரியும். அவள் உள்ளே போய் அழுதாள்.

வியாழக்கிழமை காலை கத்திரி நாயின் கழுத்தில் வாரை மாட்டும்போது, அண்ணி வெளியே போகும்போது மட்டும் போடும் கறுப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"உன் ஐஸ் ஃபாக்டரிக்கு."

இந்த ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். கத்திரிக்குக் காரணம் கேட்கவும் பயமாக இருந்தது.

அவர்கள் போனபோது வெல்டர் வேலையை முடித்துவிட்டு, சுடச்சுட இருந்த கீலில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பின்னறைக் கதவு சத்தமில்லாமல் திறந்து மூடியது. முற்றத்தில் டாக்டரம்மா ஒரு நாயின் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். முகத்தில் முகமூடி. கை கழுவிவிட்டு வக்கீலின் அட்டையை எடுத்து வந்தார். "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வேற வழியில்லை. பின்னறைன்னு எழுதிடலாமா?" என்றார்.

நாயின் வார் அண்ணியின் கையில் இருந்ததால் அவர் கேட்டது அவளைப் பார்த்து. அண்ணி பதில் சொல்லவில்லை. சட்டென்று கத்திரியின் முகத்தைப் பார்த்தாள். வேன்காரரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அந்த முகமூடியைக் கழட்டிட்டுப் பேசுங்க டாக்டர்" என்றாள்.

கத்திரிக்கு மானம் போயிற்று. டாக்டரம்மா நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே கழற்றிவிட்டு மறுபடியும் சொன்னார். அண்ணி தலையாட்டினாள்.

"எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. மத்த நாயெல்லாம் உள்ள போட்டுக் கதவைச் சாத்துங்க. இவன் மட்டும் வெளிய இருக்கட்டும்."

"எதுக்கும்மா?" என்றார் வேன்காரர்.

"நீங்க சாப்பாட்டு வாளி தட்டுவீங்கன்னு இவ சொல்லியிருக்கா. இவன் அதுக்கு எத்தனாவது ஆளா வருவான்?"

வேன்காரர் யோசித்தார். "ரெண்டாவதா வருவான், மூணாவதா வருவான்..."

"முதல் ஆளா?"

"முதல் ஆளா..." அவர் மீசையில் வைத்த கை அப்படியே நின்றது. "ஒரு நாளும் வந்ததில்லைங்க."

நாய்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்த கால் மணி நேரம் பிடித்தது. தடித்த சுவருக்கு அப்பால் அவற்றின் குரைப்பு எங்கோ தொலைவில் போல அடங்கியது. வெயில் விழுந்த முற்றத்தில் பழைய மரப்பலகை மேடை ஒன்று இருந்தது. வக்கீல் அதன் ஒரு கோடியில் ஏறிப் படுத்து, தரையில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால், பத்தடி தள்ளி வேன்காரர் வாளியோடு நின்றார். அண்ணி கையைக் காட்டினாள்.

அவர் வாளியைத் தட்டினார். உள்ளே நாற்பது நாய்கள் கதவில் மோதிய சத்தம் கேட்டது. வெல்டர் திரும்பிப் பார்த்தார். வக்கீல் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேன்காரர் இன்னும் நெருங்கி, வாளி நசுங்குகிற அளவுக்கு அடித்தார். வக்கீலின் காது மடல்கூட ஆடவில்லை. எறும்பு மேடைக்கு அடியில் போனதும் கொட்டாவி விட்டான்.

வேன்காரர் வாளியைக் கீழே வைத்தார்.

அண்ணி செருப்பைக் கழற்றினாள். மேடையின் மறு கோடிக்குப் போய், வெறுங்காலை மெல்ல, குழந்தையைத் தட்டுவது போல ஒரு அழுத்து அழுத்தினாள். அவ்வளவுதான். வக்கீல் உடனே திரும்பினான். அவளைப் பார்த்தான். அவள் உள்ளங்கையைத் தன் பக்கம் அசைத்தாள். வாலை ஆட்டிக்கொண்டு பலகை மேலேயே நடந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்தான்.

கத்திரிக்கு மெய் சிலிர்த்தது. நாலு வருடம்! லாரி வருவது கேட்காது, ஹாரன் கேட்காது, அந்தச் சாலையில் நாலு வருடம் இவன் உயிரோடு இருந்திருக்கிறான். எத்தனை ஆயிரம் கால்களைப் பார்த்துப் பார்த்து, இந்தக் கால் கிளம்பினால் ஆபத்தில்லை என்று கற்றுக்கொண்டிருப்பான்! மற்ற நாய்கள் வாயைத் திறப்பதைப் பார்த்துத் தானும் குரைத்திருக்கிறான். அவை எழுந்தால் எழுந்திருக்கிறான். கேட்காத ஒரு உலகத்தில், கேட்கிற எல்லோருக்கும் சமமாக ஓடியிருக்கிறான். இதைச் சட்டம் என்றார்கள், திமிர் என்றார்கள். காது நன்று என்று அவள் எழுதி வைத்தாள்.

டாக்டரம்மா முட்டிபோட்டு உட்கார்ந்து நாயின் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். "டார்ச் அடிச்சுக்கூடப் பாத்தேனே. காது சுத்தமா இருந்துச்சு. பிறவியிலேயே இருக்கும்" என்றார். பிறகு எழுந்து பெருமூச்சு விட்டார். "ஆனா இதனால நிலைமை இன்னும் சிக்கல்தான். யார் வந்தாலும் தெரியாது. திடீர்னு தொட்டா கடிப்பான், அது அவன் தப்பில்லை. ஆனா இப்படி ஒருத்தனோட எப்படி வாழறதுன்னு எந்த வீட்டுக்குத் தெரியும்? எந்த நம்பிக்கையில நான் அனுப்பறது?"

பின்னறைக் கதவு திறந்தே கிடந்தது. அண்ணி அதைப் பார்த்தாள். காலடியில் இருந்த நாயைப் பார்த்தாள். சுற்றி நின்ற வெல்டர், வேன்காரர், டாக்டரம்மா எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். கடைசியாகக் கத்திரியைப் பார்த்தபோது அந்தக் கண்களில் பயம் இருந்தது. அண்ணிக்குப் பயமா? கத்திரிக்கு நம்ப முடியவில்லை.

"எங்க வீட்டுக்குத் தெரியும்" என்றாள் அண்ணி.

"எப்படிம்மா? நாலு நாள்ல நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பதினாலு வருஷமா எனக்கும் கேக்காது."

அவள் அதைச் சத்தமாகச் சொன்னாளா மெதுவாகச் சொன்னாளா என்பது அவளுக்கே தெரிந்திருக்காது. முற்றம் முழுக்கக் கேட்டது.

"ஆணி மிஷின் பக்கத்துல நின்னு நின்னு போயிடுச்சு. அங்க யாரும் கத்திப் பேசறதில்ல, உதட்டைப் பாத்துத்தான் பேசிக்குவோம். அதனால யாருக்கும் தெரியல. தெரிஞ்சா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க, தம்பி அப்பதான் படிச்சுட்டு இருந்தான். சொல்லாம இருந்துட்டேன். வேலை முடிஞ்சு வந்த பிறகு சொல்ல வெக்கமா இருந்துச்சு. இத்தனை வருஷம் ஏமாத்திட்டு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு..." அவள் நிறுத்தினாள். "இவன் வந்த அன்னிக்கு மூலையில போய் உட்காந்தான் பாரு, அப்பவே எனக்குச் சந்தேகம். நான் உட்காருவேனே, அதே மாதிரி."

கத்திரி அண்ணியைப் பார்த்தாள். பதினோரு வருடம் ஒரே கூரையின் கீழ். நாயின் மயிரில் ஒளிந்த உண்ணியை விரல் நுனியால் தடவிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளுக்கு, எதிர் நாற்காலியில் இருந்தவளைத் தெரியவில்லை. அடுக்களையிலிருந்து கூப்பிட்ட ஆயிரம் தடவையும் அண்ணியின் பின்னால் நின்று சபித்ததும் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு மலைப்பு இருந்தது. ஒரு ஆளை நம்பாமல், ஒரு சொல் சொல்லாமல், பதினாலு வருடம் இந்தப் பெண்பிள்ளை தன்னந்தனியாக எத்தனை சாலைகளைக் கடந்திருக்கிறாள்!

அவள் அண்ணிக்கு நேர் முன்னால் போய் நின்றாள். முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி நின்றாள்.

"ஏன் அண்ணி என்கிட்டகூடச் சொல்லல?"

"நீ நின்னு கேட்டியா? எப்பவும் வாசல்லேர்ந்தே கத்திட்டு வருவ." பழைய ஆணி திரும்பி வந்துவிட்டது. ஆனால் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா பேனாவைக் கத்திரியிடம் நீட்டினார். "அட்டையைத் திருத்துங்க. கண்டிப்பா மூணாவது வீடு கிடையாதுன்னு எழுதியிருக்கோம். ஆனா இவன் உங்க வீட்டுக்குப் போறது வீடு மாத்தறதில்லை, நாம செஞ்ச தப்பைத் திருத்தறது. இவங்க சொல்லட்டும், நீங்க எழுதுங்க. இவனை யார் பாத்துக்கிட்டாலும் அது படிதான் பாத்துக்கணும்."

கத்திரி 'காது நன்று' என்பதை அடித்தாள். அண்ணி சொல்லச் சொல்ல எழுதினாள்.

"பின்னாடியிருந்து தொடக் கூடாது. எழுதிட்டியா? தூங்கும்போது தரையைத் தட்டித்தான் எழுப்பணும். உட்கார்ற இடத்துலேர்ந்து வாசல் தெரியணும்." சற்று நிறுத்திவிட்டு, "முகத்தைப் பாத்துப் பேசணும்" என்றாள்.

பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது. இதே வார்த்தையைப் பதினோரு வருடமாகத் தினமும் கேட்டிருக்கிறாள். ஒரு நாள்கூட அதைக் கேட்டதில்லை. கண்ணீர் மறைத்ததால் கடைசி வரி கோணலாகப் போயிற்று. அப்படியே விட்டுவிட்டாள்.

பின்னறையில் இப்போது வேன்காரர் சாப்பாட்டு மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார். வாளிப் பரீட்சை ஒழிந்தது. ஒவ்வொரு நாயையும் தனியாக முற்றத்தில் விட்டு, பின்னால் நின்று தட்டிப் பார்க்கிறார்கள். முதல் மாதத்திலேயே காது கேட்காத இன்னும் ஒரு நாய் அகப்பட்டது. காலம் காலமாக அங்கேயே இருந்த நாய்.

ஒரு நாள் மாலை கத்திரி ஐஸ் ஃபாக்டரி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். இரண்டு கையிலும் பை. மரக்கடைத் தச்சன் படிக்கட்டில் எதிரே வந்து, "அந்தப் பலகையை இன்னிக்கு அடிச்சுக் கொடுத்துடட்டுமாக்கா?" என்றான்.

"யாராவது அதுல கையை வெச்சீங்க, தெரியும் சேதி" என்றாள் கத்திரி.

கதவு திறந்திருந்தது. அந்தப் பலகையின் மறு கோடியில், ஜன்னலோரம் அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வக்கீல் அவள் பக்கத்தில் வெளியே பார்த்தபடி படுத்திருந்தான். இருவர் முதுகும் வாசலுக்கு. வாசலைக் காட்டும் நிலைக்கண்ணாடியைத் துடைப்பதற்காக நகர்த்தி வைத்திருந்தாள் அண்ணி. 'அண்ணி' என்று கத்த வழக்கப்படி வாய் திறந்தது. மூடிக்கொண்டாள். பையைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றி, வெறுங்காலால் பலகையை மெல்ல ஒரு முறை அழுத்தினாள்.

ஒரே சமயத்தில் இரண்டு தலைகளும் திரும்பின. அரை நொடிகூட முன்பின் இல்லை.

"அங்கயே ஏன் நின்னுட்ட?" என்றாள் அண்ணி. "உள்ள வா."